ஆறுமுகம் கடை முதல் இலை

கொல்லம் 1129, ஐப்பசி 4, செவ்வாய்

விடியலில் தூறல், பிறகு வெறித்தது. கம்போளச் சந்தை முழுக்கச் சேறு. மல்லி மூட்டைகளைப் பலகைமேல் ஏற்றினோம். இரண்டு மூட்டைக்கு அடி நனைந்துவிட்டது. வெயில் வந்தால் காயப்போடவேண்டும்.

வேப்பமூட்டுக் கட்டிடத்தின் சாவி இன்று கைக்கு வந்தது. முன்னால் அகலக் கதவு இரண்டு, பின்னால் அடுப்படி, கிணறு. பஸ் நிற்கும் பக்கம். சாலைக்கு அந்தப் புறம், நேர் எதிரே, ஆறுமுகம் கடை. சாப்பாட்டுக் கடை வைக்க நாகர்கோவிலில் வேறு இடமே இல்லையா என்று வீட்டில் பாக்கியம் கேட்டாள். இருக்கிறது. எனக்கு இதுதான் வேண்டும்.

ஆறுமுகமும் நானும் கோட்டார்க் கம்போளத்தில் சேர்ந்து சுமை தூக்கினவர்கள். ஒரே மூட்டையின் இரண்டு முனை. நான் மெல்ல மெல்ல மிளகு, மிளகாய், மல்லி என்று மொத்த வியாபாரம் பிடித்தேன். அவன் கொழும்புக்குக் கப்பலேறினான். அங்கே ஏதோ ஓட்டலில் பாத்திரம் கழுவி, சமையல் பழகி, போன வருஷம் திரும்பினான். இரண்டே பண்டம் போடுகிறான். இடியாப்பம், ஆட்டுக்கால் சாறு. காலையில் மட்டும். வெயில் ஏறுமுன் பானை காலி.

ஊரில் பாதிச் சமையல் என் மிளகில்தான் நடக்கிறது. ‘செல்லையா மிளகு’ என்று எவனாவது நாக்கைச் சப்புக்கொட்டிச் சொன்னதுண்டா? ‘ஆறுமுகம் சாறு’ என்கிறார்கள். துணிக்கடை சங்கரலிங்கம் அண்ணாச்சி என் கடையில் உட்கார்ந்து, என் வெற்றிலையைப் போட்டுக்கொண்டு, அவன் சாற்றைப் பற்றிப் பேசுகிறார். வயிறு எரிகிறது. வேறென்ன எழுத.

இனி இதில் ஆ. என்றே எழுதுவேன். முழுப் பெயர் எழுதக் கை வரவில்லை.

ஐப்பசி 5, புதன்

மழை இல்லை. மல்லி காயப்போட்டது.

ஆ. கடையைவிட நல்ல கடை ஒன்று இந்த ஊரில் இல்லாமலா போகும். கண்டுபிடித்துவிட்டால் எரிச்சல் பாதி குறையும், அந்தச் சமையற்காரனையும் இந்தப் பக்கம் இழுத்துவிடலாம். காலையிலிருந்து நடை. சாப்பிட்டது:

மணிமேடை மூலைக் கடை. இடியாப்பம் தடிமன், கயிறு மாதிரி. சாறு கலங்கல். மல்லி அதிகம், என் மல்லிதான், அதைக் குறை சொல்ல முடியவில்லை.

இளங்கடை பாய் கடை. கால் நன்றாக வெந்திருந்தது. உதடு உதட்டோடு ஒட்டுகிற பதம். கிராம்பு தூக்கல். இடியாப்பம் முந்தின நாள் மாவு. ஆனாலும் இரண்டாம் இடம் கொடுக்கலாம்.

செட்டிகுளத்தில் வாசலில் அடுப்பு வைத்திருக்கும் அம்மாள். இடியாப்பம் ஊரிலேயே மெல்லிசு. சாறு கிடையாது, தேங்காய்ப்பாலும் சீனியும்தான். சாறு வைத்தால் என்ன என்று கேட்டேன். ‘கறி எனக்க அடுப்புல கேறாது’ என்றுவிட்டார்.

வடசேரிச் சந்தை வாசல். இடியாப்பம் இல்லை. ரசவடை. வடை ரசத்தில் ஊறியும் உடையாமல் நின்றது. மூன்று தின்றேன். இது வேலைக்காகத் தின்றது அல்ல.

பாலமோர் ரோட்டில் புதுக் கடை. எழுதத் தேவையில்லை.

முதலிடம்: ஆ. இதை எழுதுவதற்குள் இரண்டு தரம் பேனாவை மூடித் திறந்தேன்.

சாயங்காலம் வயிறு மந்தம். சுக்குக் கஷாயம்.

ஐப்பசி 6, வியாழன்

இருட்டோடு எழுந்து ஆ. கடைக்கு. புரட்டாசி கடைசியிலிருந்து தினமும் போகிறேன். என்ன செய்கிறான் என்று நாக்கால் தெரிந்துகொள்ள வேறு வழியில்லை. கம்போளத்து ஆட்கள் கண்ணில் படக்கூடாதென்று அந்த நேரம். தலையோடு துண்டைப் போட்டுக்கொண்டு விறுவிறுவென்று உள்ளே போய்விடுவேன். வாசலில் எப்போதும் ஒரு கும்பல் நிற்கிறது. பஸ்ஸுக்கு நிற்பவர்கள். எவ்வளவு சீக்கிரம் போனாலும் அவர்கள் நிற்கிறார்கள், ஆனால் உள்ளே நான்தான் முதல் ஆள்.

ஆ. என்னைக் கண்டதும் தானே இலை போடுகிறான். வேலைக்காரரை விடுவதில்லை. ‘வா மக்கா, ஒன்னத்தான் பாத்துட்டு இருக்கேன்’ என்கிறான். தினமும் அதே பேச்சு. எதிரே நான் கட்டிடம் பிடித்திருப்பது அவனுக்குத் தெரியும். பயம் வந்துவிட்டது, அதனால் இந்த மரியாதை.

இன்று ஒன்று பிடிபட்டது. மிளகு வாசம் மூக்குக்கு முதலில் வருகிறது, காரம் தொண்டைக்குக் கடைசியில் வருகிறது. கொதித்த மிளகு இப்படி மணக்காது, கசக்கும். அரைத்துக் கொதிக்கவிடவில்லை அவன். பானையை இறக்கிய பிறகு இடித்துப் போட்டு மூடுகிறான். என் தொழிலே மிளகு. இவ்வளவு நாள் தோன்றாமல் போனது வெட்கம்.

அவன் மிளகு வாங்குவது என்னிடம்தான். இன்று அவனுக்கு நிறுக்கும்போது ஒரு யோசனை வந்தது, உள்ளே சத்தில்லாத பொக்கு மிளகு கொஞ்சம் கலந்தால் என்ன. கலக்கவில்லை. நல்ல மனசு என்று இல்லை. சாறு கெட்டால் செல்லையா மிளகு கெட்டது என்பான். நன்றாக வந்தால் மட்டும் ஆறுமுகம் சாறு.

ஐப்பசி 8, சனி

நேற்று எழுதவில்லை. பாக்கியத்துக்குக் காய்ச்சல். வாடகைக் காரில் நெய்யூர் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினோம். மருந்து கொடுத்தார்கள். பயமில்லை, உடம்பு தளர்ந்திருக்கிறது, எலும்புச் சாறு கொடுங்கள் என்றார்கள்.

திரும்பும் வழியில் காரில் என் தோளில் சாய்ந்துகொண்டு மெதுவாகக் கேட்டாள், ஆறுமுகம் அண்ணன் கடைச் சாறு கொஞ்சம் கிடைக்குமா என்று. இந்த ஊரில் நோயாளிகூட அவன் பெயரைத்தான் சொல்கிறாள்.

விடியலில் நான் போய்த் தின்பது அவளுக்குத் தெரியாது. நடை என்று சொல்லிவிட்டுப் போகிறேன். தூக்கு வாளியோடு போய் அவனிடம் நிற்க மனசு வரவில்லை. இளங்கடை பாய் கடையில் வாங்கி, வீட்டு வாளியில் ஊற்றி, ஆறுமுகம் கடை என்று சொல்லிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்தாள். கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

‘இது அங்க உள்ளது இல்ல.’

காய்ச்சல் வாய்க்கு எல்லாம் ஒன்றுதான் என்றேன். அவள் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்குக் கோபம். யார்மேல் என்று தெரியவில்லை.

மிளகாய் வண்டி வந்தது. இறக்கினோம். காம்பு அதிகம், விலை பேசவேண்டும்.

ஐப்பசி 10, திங்கள்

பிற்பகல் நல்ல மழை. ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது என்றார்கள்.

குழித்துறையிலிருந்து சமையலுக்குக் கொச்சுமணி வந்து சேர்ந்தான். நாற்பது தாண்டிய ஆள், சிரித்தால் முகமெல்லாம் பல். இடியாப்பம் பிழிகிற கை நல்ல கை. நூல் அறுகிறதில்லை. சாறுதான் வழிக்கு வரவில்லை. எதைச் செய்தாலும் கடைசியில் தேங்காயெண்ணெயில் தாளித்துக் கொட்டுகிறான். வேண்டாம் என்றால் முகம் வாடுகிறது.

‘தாளிக்காம எறக்குனா அது வெறும் சட்டி கழுவுன வெள்ளம், மொதலாளி.’

சேர்த்துவைத்ததெல்லாம் சொன்னேன். தாளிப்பு கூடாது. கால்களைச் சுட்டுச் சுரண்டிய பின், தேங்காய்த் தொண்டு போட்ட கணப்பில் மெதுவாகக் கிடக்கவேண்டும். சின்ன உள்ளி அரையாமல் முழுசாக. மிளகு இறக்கிய பிறகு. அரைமனசாகச் செய்தான். குடித்துப் பார்த்தவன் இன்னும் ஒரு அகப்பை எடுத்துக் குடித்தான். ‘கொள்ளாமே’ என்றான், நன்றாயிருக்கிறதாம். தன் கைப்பக்குவம் என்று நினைத்துக்கொண்டான்போல. நினைத்துக்கொள்ளட்டும்.

எனக்குத்தான் தெரிகிறது, இன்னும் ஒரு படி கீழே. சூடு ஆறினபின் எங்கள் சாறு படுத்துவிடுகிறது. அவனுடையது நிற்கிறது.

பாக்கியத்துக்குக் காய்ச்சல் இறங்கியது. வாய்க்கு ஒன்றும் பிடிக்கவில்லை. கஞ்சிதான்.

ஐப்பசி 13, வியாழன்

திறப்புக்கு நாள் குறித்தாயிற்று. வருகிற திங்கள் காலை. கைநீட்டத்துக்குச் சங்கரலிங்கம் அண்ணாச்சியைக் கேட்கப் போனேன். துணிப்பட்டறையில் அவர் முதல் முழம் வாங்கினால் அன்று கடை களைகட்டும் என்று பெயர். முதல் இலையில் அவர் உட்கார்ந்து காசை என் கையில் வைக்கவேண்டும், அதன்பின்தான் மற்றவர்களுக்கு. சம்மதித்தார்.

அப்புறம் சிரித்தார். வயிறு குலுங்கச் சிரித்தார்.

‘எனக்க கையி எதுக்குடே ஒனக்கு? ஊருக்கே ராசி ஒனக்க கைன்னுல்லா ஆறுமுகம் சொல்லிட்டு நடக்கான்.’

என்னவென்று கேட்டேன். பிறகு விவரமாகச் சொன்னார். புரட்டாசிக் கடைசியில் ஒரு நாள் எதேச்சையாக நான்தான் அவன் கடையில் முதல் ஆளாக உட்கார்ந்தேனாம். அன்று பானை இரட்டிப்பு வேகத்தில் காலி. மறுநாளும் நான். மறுநாளும் அப்படியே. அன்றிலிருந்து நான் வந்து காசு கொடுக்காமல் அவன் எவனுக்கும் ஒரு துளி ஊற்றுவதில்லை. நான் வந்து உட்காராமல் பானையையே இறக்குவதில்லை. வாசலில் நிற்கிறவர்கள் பஸ்ஸுக்கு நிற்கவில்லை, எனக்காக நிற்கிறார்கள். அண்ணாச்சியே பல நாள் நின்றிருக்கிறார். தலையில் துண்டோடு நான் ஒளிந்து ஒளிந்து வருவதைப் பார்த்து எல்லாரும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்களாம், நான் கூச்சப்பட்டு வராமல் போய்விடக் கூடாதென்று.

வீட்டுக்கு வந்து நெடுநேரம் மிளகுச் சாக்கின்மேல் உட்கார்ந்திருந்தேன். அவன் கடையைக் கவிழ்க்க வழி தேடி, தினமும் போய் என் கையாலேயே அவனுக்கு விளக்கேற்றி வைத்திருக்கிறேன்.

ஐப்பசி 14, வெள்ளி

போனேன். துண்டு போடவில்லை. வாசலில் நின்றவர்களை ஒவ்வொருவராகப் பார்த்தேன். ஒரு கிழவர் நகர்ந்து வழி விட்டார், ‘போங்க, எங்களுக்குப் பசிக்கு’ என்றார். உள்ளே போய் உட்கார்ந்த பிறகுதான் பானை இறங்கியது. மிளகு இடிக்கும் சத்தம். முதல் வாசம் எனக்கு. கண்ணை மூடிக்கொண்டு தின்றேன். அவன் இலையில் மிச்சம் வைக்கவேண்டும் என்றுதான் போனேன். வைக்க முடியவில்லை.

காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டான். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவனுக்குத் தெரியவில்லை.

தீர்மானம்: திங்கள் முதல் போவதில்லை. இவ்வளவு பேரும் அவன் வாசலில் காத்துக் காத்துக் கால் கடுத்து, சாலையைத் தாண்டி என் கடைக்கு வரட்டும். வேறு எதுவும் நான் செய்யவேண்டியதில்லை. சும்மா இருந்தால் போதும்.

மனசுக்கு நிறைவாக இருந்தது. மத்தியானம் நன்றாகத் தூங்கினேன்.

ஐப்பசி 17, திங்கள்

கடை திறந்தது. நடந்தபடியே எழுதுகிறேன்.

விடியலில் வானம் மூட்டம். வாசலில் குலைவாழை, குருத்தோலை. பாக்கியம் வரவில்லை, நடந்தால் தலை சுற்றுகிறது. கொச்சுமணி புது வேட்டி. சாறு பதம். வெளுக்குமுன்பே வாசலில் ஆள் சேர்ந்துவிட்டது. உட்காரச் சொல்ல முடியாது, அண்ணாச்சி கைநீட்டம் ஆகவேண்டும். சாறு இன்னும் இறங்கவில்லை, கொஞ்சம் பொறுங்கள் என்றேன். பொய். இறக்கியாயிற்று.

அண்ணாச்சி வரவில்லை.

சாலைக்கு எதிரே பார்த்தால் ஆ. கடை வாசலிலும் கும்பல். நான் வருவேன் என்று நிற்கிறார்கள். நடுவில் அண்ணாச்சியின் வெள்ளைக் குடை. சுமைக்காரர் ஒருவரை அனுப்பிக் கூப்பிட்டேன். பதில் வந்தது: முதலில் நீ இங்கே வந்து தின்றுவிட்டுப் போ, நான் வயிறாரத் தின்றுவிட்டு அங்கே வந்து கைநீட்டம் செய்கிறேன். என் சாற்றை நம்பிப் பசியோடு வர மனிதருக்கு மனசில்லை.

நான் போகாமல் அங்கே பானை இறங்காது. அவர் வராமல் இங்கே இலை விழாது. இந்தக் கும்பல் அந்தக் கும்பலைப் பார்க்கிறது, அது இதைப் பார்க்கிறது. மழை பிடித்துக்கொண்டது. யாரும் போகவில்லை, இரண்டு பக்கமும் இறவாரத்தில் ஒண்டிக்கொண்டு நிற்கிறார்கள். ‘மொளகு மணம் போனா பின்ன வராது, மொதலாளி’ என்று கொச்சுமணி மூன்று தரம் வந்து சொல்லிவிட்டுப் போனான். என் தீர்மானத்தில் நின்றேன்.

அப்போது ஆ. மழையில் சாலையைக் குறுக்கே நடந்து வந்தான். ஒரு கையில் எனக்கென்று மட்டும் கோரி மிளகு இடித்துப் போட்ட சட்டி, ஒரு கையில் இலைப் பொதி, மேலே ஒரு வாழையிலையைக் கவிழ்த்து மூடியிருந்தான். தலை நனைந்து ஒழுகியது. நேராக உள்ளே வந்து என் மேசையில் இலையை விரித்து, இடியாப்பத்தை வைத்து, சாற்றை ஊற்றினான்.

‘ஏலே செல்லையா, நீ வரமாட்டன்னு வெள்ளிக்கிழமையே ஒனக்க மொகத்துல தெரிஞ்சுது. செரி, நான் வந்தாச்சு. தின்னு.’

‘எனக்க கடையிலயா? ஒனக்க இலையவா?’

‘பின்ன? அங்கன அத்தன பேரு பசியோட நிக்கானுவ. எனக்கு ஒனக்க கையி வேணும். கடையும் இலையும் எவனுக்கதா இருந்தா என்ன?’

ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. திறப்பு நாளன்று, என் கடையில், முதல் இலை, முதல் ஆள் நான், பண்டம் அவனுடையது. வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மிளகு வாசம் வந்துவிட்டது. தின்றேன். இடுப்பிலிருந்து காசெடுத்து அவன் ஈரக் கையில் வைத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டான். எதிர்ப்பக்கம் பார்த்துக் கையைத் தூக்கிக் காட்டினான். அங்கே பானை இறங்கியது.

போய்விடுவான் என்று நினைத்தேன். எனக்கு எதிரே பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

‘இனி எனக்கு ஒனக்கத போடச் சொல்லு.’

கொச்சுமணி என்னைப் பார்த்தான். அண்ணாச்சி கைநீட்டத்துக்கு வைத்திருந்த நுனியிலை. தலையாட்டினேன்.

ஆ. ஒரு நூலை விரலால் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். சாற்றில் முக்கி வாயில் வைத்தான். இரண்டாவது வாயில் நிறுத்தினான். இந்த நாக்கு என்ன சொல்லப்போகிறது என்று என் நெஞ்சு அடித்ததைப்போல் எந்தக் கொள்முதலிலும் அடித்ததில்லை.

‘மொளகு எறக்குன பெறவா போட்ட?’

‘ஆமா.’

‘எவன் சொன்னான் ஒனக்கு?’

‘எவனும் சொல்லல. மொளகு எனக்கதுல்லா.’

அவன் இலையைத் துடைத்துத் தின்றான். காசை என் கையில் அழுத்தி வைத்துவிட்டு எழுந்து மழையில் போனான்.

அதன்பின் தலை நிமிர நேரமில்லை. அங்கே பானை தீர்ந்ததும் மிச்ச ஆட்களும் இங்கே. அண்ணாச்சி ஏப்பம் விட்டுக்கொண்டு வந்து இங்கேயும் ஒரு இலை உட்கார்ந்தார். பத்து மணிக்கெல்லாம் எல்லாம் காலி. வீட்டுக்கு எடுத்துப்போக ஒரு கரண்டி மிஞ்சவில்லை.

சந்தோஷமாகத்தான் இருந்தது. கதவை மூடும்போது வெளியே இரண்டு பேர் பேசிக்கொண்டு போனார்கள். ‘ஆறுமுகம் கைநீட்டம்லா. பின்ன தீராம இருக்குமா?’

அதுவும் அவனுக்கே போயிற்று.

ஐப்பசி 18, செவ்வாய்

மழை விட்டது. மலை தெளிவாகத் தெரிகிறது.

விடியலில் அவன் கடைக்குப் போனேன். நான் போனால்தான் அவன் இங்கே வருவான், அவன் வந்தால்தான் ஆட்கள் வருகிறார்கள். வியாபாரத்துக்காக. அவன் வந்தான், உட்கார்ந்தான், தின்றான். இன்றும் நன்றாக இருக்கிறது என்று வாயால் சொல்லவில்லை.

முதல் இலை விழுமுன்பே இன்று வாளியில் ஊற்றி, இறுக மூடி எடுத்து வைத்திருந்தேன். வீட்டில் கொண்டுபோய் ஒன்றும் சொல்லாமல் கிண்ணத்தில் ஊற்றிக் கொடுத்தேன். ஆறினால் படுத்துவிடுமோ என்று பயம். படுக்கவில்லை. கொச்சுமணியிடம் சொல்லவேண்டும்.

பாக்கியம் ஒரு வாய் குடித்தாள். என்னைப் பார்த்தாள். பிறகு கிண்ணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முழுவதும் குடித்தாள். இத்தனை நாளில் முதல் தடவையாக நெற்றி வியர்த்தது. முந்தானையால் துடைத்துக்கொண்டாள். கண்ணில் தண்ணீர்.

‘சொந்தக் கடை தொறந்த பெறவும் எனக்காக அவரு கடையில போயி நின்னேளா? ஒங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம்னு எனக்குத் தெரியாதா?’

என் கடைச் சாறு என்று சொல்ல வாய் வரை வந்தது. அவள் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

‘ஆமா’ என்றேன். இன்னும் கொஞ்சம் கேட்டாள். ஊற்றினேன்.